மழை விட்ட காலையில் மனம் எழுவது ஏன்?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 47 வயது. காட்டுமன்னார்கோவிலுக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். ஐப்பசிக் கடைசியில் பிடித்த மழை கார்த்திகை முழுவதும் பெய்துகொண்டே இருந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து எனக்கு எதிலும் கை ஓடவில்லை. காலை எட்டு மணி வரை எழ மனம் வராது. பகலிலும் படுத்தால் போதும் என்றிருக்கும். சின்னச் சொல்லுக்கெல்லாம் கண் கலங்கியது. ஒரு நாள் இரவு, இத்தனை வருடம் வாழ்ந்து என்ன கண்டோம் என்று நினைத்து நெடுநேரம் அழுதேன். மார்கழி பிறந்த இரண்டாம் நாள் காலையில் வானம் வெளுத்து வெயில் அடித்தது. பாய், தலையணை, துணிமணி எல்லாவற்றையும் மாடிக்குத் தூக்கிச் சென்று உலர்த்தினேன். பத்து மணிக்குள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்த என் கணவர், “வெயில் வந்ததும் போயிடுச்சுன்னா அது என்ன வியாதி? நீயா நினைச்சுக்கிட்டதுதானே” என்றார். நான் பட்டது பொய்யா? போன வருடமும் இப்படித்தான் இருந்தது. இதற்கு மாத்திரை சாப்பிட வேண்டுமா? எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது போலும். எங்களோடு இருக்கும் 76 வயது மாமனார் இந்த வெயிலுக்குக்கூட வெளியே வந்து உட்காரவில்லை. முன்பெல்லாம் முதல் ஆளாகத் திண்ணைக்கு வந்துவிடுவார். ஆறு மா (ஏறத்தாழ இரண்டு ஏக்கர்) நிலத்தில் சம்பா பாதிக்கு மேல் தண்ணீரில் கிடப்பதால் கவலையாக இருப்பார் என்று விட்டுவிட்டோம்.

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது ஒன்றைக் கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் ஒரு செய்தியாகச் சொல்லிவிட்டு முடித்திருக்கிறீர்கள். டெல்டா மாவட்டங்களில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக மனநல மருத்துவம் பார்த்துவரும் எனக்கு, அந்த மூன்றாவது செய்திதான் கடிதத்தைக் கீழே வைக்க விடவில்லை. ஆனாலும் உங்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்; அந்தப் பதில் புரிந்தால்தான் உங்கள் மாமனாரைப் பற்றி நான் சொல்ல வருவதும் புரியும்.

நீங்கள் பட்டது பொய் இல்லை. சோறு உண்டதும் அடங்கிவிடுகிறது என்பதால் பசியைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. எது கிடைத்ததும் ஒரு துன்பம் தீர்கிறதோ, அது கிடைக்காமல்தான் அந்தத் துன்பம் வந்தது என்று எண்ணுவதே முறை. உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்ன காரணமே உங்கள் துயரம் உண்மை என்பதற்குச் சான்றாக நிற்கிறது. ஒரு மாதமாக உங்கள் உடலுக்குக் கிடைக்காமல் போன ஏதோ ஒன்று அன்று காலை கிடைத்திருக்கிறது. அது என்ன என்று பார்ப்போம்.

வெளிச்சத்தை அளப்பதற்கு ‘லக்ஸ்’ என்று ஓர் அளவு இருக்கிறது. நம் வீடுகளில் ஒரு குழல்விளக்கு எரியும் அறையில் பொதுவாக 100 முதல் 200 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். தெளிந்த வானத்தின்கீழ் உச்சி வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். காலை வெயிலில், நிழலில் அமர்ந்திருந்தாலும் சில ஆயிரங்கள் முதல் பத்தாயிரம் வரை கண்ணுக்கு வந்து சேரும். கருமேகம் கவிந்த மழைநாளில் வெட்டவெளியிலேயே அது ஆயிரம், இரண்டாயிரத்துக்கு இறங்கிவிடுவதுண்டு. அப்படிப்பட்ட நாளில் சாரல் அடிக்கிறது என்று சன்னல்களைச் சாத்திக்கொண்டு, மின்சாரமும் இல்லாமல் உள்ளறையில் இருப்பவருக்குக் கிடைக்கும் வெளிச்சம் 50 லக்ஸ் கூட இருக்காது. இவ்வளவு பெரிய வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. கண்ணின் பாவை விரிந்துகொடுத்து, விழித்திரையும் தன்னைப் பழக்கிக்கொண்டு, ஏதோ கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்ற அளவில் நம்மைச் சமாதானப்படுத்திவிடுகிறது. பார்வைக்கு அது போதும், உடம்புக்குப் போதாது.

ஏனென்றால் கண் பார்ப்பதற்கு மட்டும் உள்ள உறுப்பு அல்ல. உருவத்தையும் நிறத்தையும் காட்டும் செல்களைத் தவிர, வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் மூளைக்குச் சொல்லும் வேறொரு வகைச் செல்கள் விழித்திரையில் இருக்கின்றன என்பது 2002ஆம் ஆண்டையொட்டித்தான் உறுதியாயிற்று. அவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி, பகல் வானத்தின் நீல ஒளிக்கு அதிகமாக வசப்படுவது. அந்தச் செல்கள் அனுப்பும் செய்தி, மூளையின் அடிப்பகுதியில் சுமார் 20,000 நரம்புச் செல்கள் சேர்ந்து அமைந்த ஒரு சிறு முடிச்சுக்குப் போகிறது. அதுதான் நம் உடம்பின் கடிகாரம். எப்போது விழிக்க வேண்டும், எப்போது பசிக்க வேண்டும், எப்போது உடல் வெப்பம் ஏற வேண்டும், தூக்கத்துக்குத் துணைசெய்யும் மெலட்டோனின் எப்போது சுரக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அது நடத்துகிறது. பெரும்பாலானோரிடம் இந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலான சுற்று உடையது. அதனால் அது நாள்தோறும் கொஞ்சம் பின்தங்கும். காலை வெளிச்சம்தான் அதை நாள்தோறும் முன்னே தள்ளிச் சரிசெய்கிறது. வாரக்கணக்கில் அந்த வெளிச்சம் கிடைக்காதபோது, சுவரில் உள்ள கடிகாரம் ஆறு என்று காட்டினாலும் உள்ளே இருக்கும் கடிகாரம் இன்னும் விடியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். எட்டு மணி வரை உங்களுக்கு எழ மனம் வராததைச் சோம்பல் என்று யாராவது சொல்லியிருந்தால், அதை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

நம் முன்னோர் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர்ப் பருவத்தை விரித்துச் சொல்லும் நெடுநல்வாடையில், வானம் மூடிக்கிடப்பதால் பொழுது தெரியாத பெண்கள், பறித்துவைத்த பிச்சி அரும்புகள் மலர்ந்து மணப்பதைக் கொண்டு மாலையாயிற்று என்று அறிகிறார்கள். வீட்டுப் புறா இரவு எது, பகல் எது என்று தெரியாமல் மயங்கி, இரை தேடவும் போகாமல் செயலற்று நிற்கிறது. மழைக்காலச் சோர்வுக்கு இதைவிடத் துல்லியமான விவரிப்பை எந்த மருத்துவ நூலிலும் நான் படித்ததில்லை. பொழுது மயங்குவதையும் இரை தேடாமல் செயலற்று நிற்பதையும் அந்தப் புலவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். உங்கள் கடிதத்திலும் அவை அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

வெளிச்சம் கடிகாரத்தை மட்டும் தொடுவதில்லை. மனநிலையோடு நெருங்கிய தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளைப் பற்றி ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2002இல் வெளியாயின. உடல்நலமுள்ள 101 ஆண்களின் கழுத்துச் சிரையிலிருந்து இரத்தம் எடுத்து, மூளையில் செரட்டோனின் எந்த வேகத்தில் புழங்குகிறது என்று கணக்கிட்டார்கள். அந்த வேகம் குளிர்காலத்தில் மிகக் குறைவாக இருந்தது. அந்தந்த நாளில் வெயில் எவ்வளவு பிரகாசமாக அடித்ததோ அதற்கேற்பக் கூடியும் இருந்தது. முந்தைய வாரங்களின் கணக்கு அல்ல, அன்றைய வெயில்தான் அங்கே பொருட்டாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். காலையில் வந்த வெயில் பத்து மணிக்குள் உங்களைப் பாட வைத்ததை வியப்பாக நினைக்க வேண்டியதில்லை. ஒரே வேதிப்பொருளின் ஏற்ற இறக்கத்தில் மனிதத் துயரம் முழுவதையும் அடக்கிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வெயிலுக்கும் மூளைக்கும் நேரான தொடர்பு உண்டு என்பதற்கு மட்டுமே இதைக் குறிப்பிட்டேன்.

மருத்துவமனை அறைகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். கனடாவின் எட்மன்டனில், கடுமையான மனச்சோர்வுக்காகச் சேர்க்கப்பட்டவர்களில் வெயில் வரும் அறைகளில் இருந்தவர்கள், மங்கலான அறைகளில் இருந்தவர்களைவிடச் சராசரியாக இரண்டரை நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள் என்று 1996இல் எழுதினார்கள். இத்தாலியின் மிலான் நகரில், எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறில் வரும் மனச்சோர்வுக்காகச் சேர்க்கப்பட்டவர்களில் காலை வெயில் விழும் கிழக்கு அறைகளில் இருந்தோர், மற்றவர்களைவிட மூன்றரை நாட்களுக்கு மேல் முன்னதாகவே வீட்டுக்குப் போனதாக 2001இல் பதிவுசெய்தார்கள். அந்த அறைகளை யாரும் மருந்தாக எண்ணிக் கொடுத்திருக்கவில்லை. எந்தப் படுக்கை காலியாக இருந்ததோ அது கிடைத்தது, அவ்வளவுதான்.

இனி, வெளிச்சத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்க்க வேண்டும். இதை மருத்துவர்களும் பல நேரம் பார்க்கத் தவறுகிறோம். அன்று காலை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நீங்களே எழுதியதை மறுபடி படித்துப் பாருங்கள். பாயைச் சுருட்டினீர்கள், மாடிப்படி ஏறி இறங்கினீர்கள், ஒரு முறை அல்ல, தூக்கிய சுமையைப் பார்த்தால் ஐந்தாறு முறையாவது இருக்கும். ஒரு மாதமாக வீட்டுக்குள் கொடியில் தொங்கி முடைநாற்றம் எடுத்த துணி, கைக்கு மொறமொறவென்று உலர்ந்து வந்தது. கண்ணெதிரே ஒரு வேலை தொடங்கி முடிந்தது. பக்கத்து மாடியில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்த யாரோடாவது நாலு வார்த்தை பேசியுமிருப்பீர்கள். மழை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது வெளிச்சத்தை மட்டுமல்ல, இவை எல்லாவற்றையும்தான். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் வரவில்லை; அதனால் பேச்சும் இல்லை, வருமானமும் இல்லை. சந்தைக்குப் போகவில்லை. வாசலில் கோலம் நிற்கவில்லை. செய்வது குறையக் குறையச் சோர்வு கூடும். சோர்வு கூடக் கூடச் செய்வது இன்னும் குறையும். மனச்சோர்வுக்கு மருந்தில்லாமல் தரும் சிகிச்சைகளில் நன்கு சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று, இந்தச் சுழலைச் செயலின் பக்கத்திலிருந்து அறுப்பதுதான். மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திராமல், செய்யத் தொடங்கி மனத்தைப் பின்னால் வரவிடுவது அதன் வழி. வெயில் உங்களுக்கு அதைத் தானாகச் செய்துகொடுத்தது.

மாத்திரை வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் வந்து வெயில் காலத்தில் விலகும் மனச்சோர்வை, அமெரிக்காவில் நார்மன் ரோசென்தால் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1984இல் ஒரு தனி நிலையாக விவரித்தார்கள். அதிகத் தூக்கம், உடல் கனத்துக் கிடப்பது, இனிப்பும் மாவுப்பண்டமும் அதிகமாகத் தின்னத் தோன்றுவது ஆகியவை அதன் அடையாளங்கள். லண்டன் போன்ற ஊர்களில் டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இருப்பதில்லை. அங்கே அது பரவலாக அறியப்பட்ட ஒன்று. நம் பக்கம் டிசம்பர் 21ஆம் தேதியிலும் பகல் பதினொன்றே கால் மணி நேரத்துக்குக் குறைவதில்லை. எனவே இங்கே பகலைக் குறைப்பது பூமியின் சாய்வு அல்ல, வடகிழக்குப் பருவமழையின் மேகம்தான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த மூன்று மாதங்களிலேயே விழுந்துவிடுகிறது. அதிலும் கடலோர மாவட்டங்களில் இன்னும் அதிகம். வங்கக் கடலில் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்வு நிலைகள் உருவாகும் ஆண்டுகளில் மூட்டம் கலையாமல் வாரக்கணக்கில் நிற்கும். அதன் நடுவே ஒரு வெயில் நாள் வந்ததும் உங்கள் மனம் எழுந்துவிட்டது என்பது நல்ல அறிகுறி. ஆழமாக வேர்விட்ட மனச்சோர்வு அவ்வளவு எளிதில் இடம்விட்டு நகராது.

ஆனாலும் நீங்கள் எழுதியதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தது; தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக வந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு முறை நேரில் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. உங்கள் வயதில் தைராய்டு சுரப்பு குறைவதும் இரத்தசோகையும் நம் பெண்களிடம் அடிக்கடி காணப்படுபவை. இரண்டுமே எழ முடியாத அசதியையும் காரணமில்லாத அழுகையையும் தரக்கூடியவை. மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் இதில் சேரலாம். ஆகையால் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அன்று இரவு நீங்கள் அழுதபோது, வாழ்ந்து என்ன கண்டோம் என்று மட்டும் நினைத்தீர்களா, இனி வாழ வேண்டாம் என்றும் தோன்றியதா என்பதை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவதாகச் சொன்னது ஒரு கணமேனும் தோன்றியிருந்தால், வெயில் வந்துவிட்டதே என்று இருந்துவிடாமல் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்படி இல்லை, வேலை மந்தமானாலும் அடியோடு நின்றுவிடவில்லை, இப்போது தூக்கமும் பசியும் ஒழுங்காகிவிட்டன என்றால், இப்போதைக்கு மாத்திரை தேவைப்படாது என்பதே என் கணிப்பு.

அடுத்த ஐப்பசிக்கு இப்போதே சில ஏற்பாடுகளைச் செய்யலாம். உங்கள் தையல் இயந்திரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. உள்ளறையில் இருந்தால், கிழக்குப் பார்த்த சன்னலுக்கோ வாசலுக்கோ அருகில் மாற்றிவிடுங்கள். மழை நாளிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் உள்ளறையைப் போலப் பல மடங்கு என்று சொன்னேன் அல்லவா? ஆகவே வெயில் இல்லையே என்று உள்ளே இருந்துவிட வேண்டாம். காலையில் எழுந்ததும் சாரல் படாத இடமாகப் பார்த்து, திண்ணையிலோ தாழ்வாரத்திலோ வானம் தெரியும்படி அரைமணி நேரத்துக்குக் குறையாமல் உட்காருங்கள். காப்பியை அங்கேயே குடிக்கலாம், கீரையை அங்கேயே ஆயலாம். மழை கொஞ்சம் விட்டால் குடையோடு தெருக்கோடி வரையாவது போய் வாருங்கள். எழும் நேரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். இரவு தூக்கம் கெட்டிருந்தாலும் அதே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். மார்கழியில் விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடும் வழக்கத்தை நான் மருத்துவக் கண்ணோடும் மதிக்கிறேன். மங்கலான மாதத்தில் ஒரு நிலையான எழும் நேரத்தையும், வெளியே போய்த் தீர வேண்டிய ஒரு வேலையையும், எதிர்வீட்டாரின் முகத்தையும் அது ஒருசேரக் கொடுத்துவிடுகிறது. அதையே ஒரு மாதம் முன்பு, மழைக்காலத்திலேயே தொடங்கிவிட யாரும் தடை சொல்லப்போவதில்லை. பகல் தூக்கம் அரைமணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

குளிர்நாடுகளில் காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் ஒளிவிளக்கின் முன் உட்காரச் சொல்கிறார்கள். அத்தகைய விளக்கை நீங்களாக வாங்கிப் பயன்படுத்த வேண்டாம். உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ இருமுனைக் கோளாறு இருந்தால் அது எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும். கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன்: வெயில் நல்லது என்று சூரியனை நேராகப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உதிக்கும் சூரியனாக இருந்தாலும் அது விழித்திரைக்கு ஆபத்து. வைட்டமின் டி வேண்டும் என்று காலை ஏழு மணி வெயிலில் நிற்பவர்களும் உண்டு; அந்த நேரத்து வெயில் உடல் கடிகாரத்துக்கு உதவும், ஆனால் வைட்டமின் டி உண்டாக்கத் தேவையான புற ஊதாக் கதிர் அதில் மிகக் குறைவு. அதற்கு வெயில் நன்றாக ஏறிய பிறகு கைகால்களில் சிறிது நேரம் படுவதுதான் பயன்தரும்.

நடுராத்திரி மழையில் வாழ்க்கைக் கணக்கு முழுவதையும் எடுத்துப் பார்த்து அழுதீர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நார்பர்ட் ஷ்வார்ஸ், ஜெரால்ட் க்ளோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெயில் நாட்களிலும் மழை நாட்களிலும் தொலைபேசியில் அழைத்து, உங்கள் வாழ்க்கை மொத்தத்தில் நிறைவாக இருக்கிறதா என்று கேட்டார்கள். மழை நாளில் கேட்கப்பட்டவர்கள் குறைத்தே சொன்னார்கள். ஆனால், அங்கே வானிலை எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டு அதே கேள்வியைக் கேட்டபோது அந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. மனம் தன் கலக்கத்துக்கு மழையும் ஒரு காரணம் என்று கண்டுகொண்டது. பிற்காலத்தில், 2013இல் வெளியான, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில்களை ஆராய்ந்த ஆய்வு ஒன்று, வானிலையால் அப்படிப் பெரிய மாற்றம் எதையும் காணவில்லை. ஆகவே இதை எல்லாருக்கும் பொருந்தும் விதியாகச் சொல்லவில்லை. உங்களைப் போல வானிலைக்கு மனம் இளகிக்கொடுப்பவர்களுக்கு ஒரு பழக்கமாக மட்டும் சொல்கிறேன்: வாழ்க்கை வீண் என்று தோன்றும் இரவில், எத்தனை நாளாக மழை பெய்கிறது, கடைசியாக வெளியே போய் எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பாருங்கள், கணக்கு முடிப்பதை வெயில் அடிக்கும் ஒரு நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

இப்போது உங்கள் மாமனாரைப் பற்றிப் பேசுவோம்.

மழைக்காலச் சோர்வு என்றால் வெயில் வந்ததும் கொஞ்சமாவது விலக வேண்டும். உங்களுக்கு விலகியது, அவருக்கு விலகவில்லை. நாள்தோறும் முதல் ஆளாகத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தவர், ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த வெயிலைக் காண எழுந்து வரவில்லை என்றால், அதை ‘எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது’ என்று விட்டுவிட முடியாது. உங்களுக்கு அந்த வெயில் உலர்ந்த பாயாகவும் மொறமொறப்பான துணியாகவும் தெரிந்தது. ஆறு மாவில் சம்பா நட்டவருக்கு அதே வெயில், மூட்டத்தில் சரியாகத் தெரியாமல் இருந்த வயலைத் தெளிவாகக் காட்டுகிறது. கதிர் வரும் பருவத்தில் பயிர் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகத் தொடங்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்து மேலே தெரிவதைப் பார்க்கத் திண்ணைக்கு வர அவருக்கு மனம் இல்லாமல் இருக்கலாம்.

காரணம் தெரிகிறது என்பதால் கவலைப்பட வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. முதியவர்களின் மனச்சோர்வைக் குடும்பங்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: பயிர் போனது, அதனால் கவலை, நாளானால் சரியாகிவிடும் என்று ஒரு காரணம் கையில் கிடைத்ததும் நிறுத்திவிடுகிறோம். வயதானவர்கள் மனம் சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. வயிறு சரியில்லை, முதுகு வலிக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை என்று சொல்வார்கள், அல்லது எதுவும் சொல்லாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அவர் சாப்பிடும் அளவு குறைந்திருக்கிறதா, அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே விழித்துக்கொண்டு கிடக்கிறாரா, பேரப்பிள்ளைகளோடு பேசுகிறாரா, குளிப்பதையும் சவரம் செய்வதையும் தள்ளிப்போடுகிறாரா, நான் இருந்து என்ன ஆகப்போகிறது என்ற பேச்சு வந்ததா என்று கவனித்துப் பாருங்கள். இவற்றில் கடைசியாகச் சொன்னது வந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

உடம்பையும் பார்க்க வேண்டும். திடீரென்று சில நாட்களில் வந்த மந்தமும், மாலையில் அதிகமாகும் குழப்பமும் சிறுநீர்த் தொற்றாலோ இரத்தத்தில் உப்பு குறைவதாலோ வரலாம். அது அவசரமாகப் பார்க்க வேண்டியது. தைராய்டு, பி12 குறைவு, சர்க்கரை எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். அவர் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கண்ணையும் கட்டாயம் காட்டுங்கள். எழுபதைத் தாண்டியவர்களின் கண் வில்லை மஞ்சளாகிப் புரை படர்ந்திருக்கும்போது, உடல் கடிகாரத்துக்கு வேண்டிய நீல ஒளிதான் முதலில் தடைபடுகிறது. அவர் திண்ணையில் உட்கார்ந்தாலும் உங்களுக்குக் கிடைத்த வெளிச்சத்தில் ஒரு பங்குதான் அவர் மூளைக்குப் போய்ச் சேரும். முதியவரிடம் வெயில் மெதுவாக வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றே எடுத்து, பூட்டக்கூடிய இடத்தில் வைத்துச் சாவியை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். இதைப் படித்ததும் உங்களுக்குத் தூக்கிவாரிப்போடும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நெல் விளையும் ஊர்களில் கைக்கெட்டும் தூரத்தில் அது இருப்பதால் மட்டுமே பறிபோன உயிர்களை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் நேராகக் கேட்பதற்கும் அஞ்ச வேண்டாம், “மாமா, இருந்து என்ன பயன்னு தோணுதா?” என்று கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடுவதில்லை, இருக்கும் எண்ணத்தின் பாரம்தான் குறைகிறது. இரவிலோ விடுமுறை நாளிலோ உடனே யாரிடமாவது பேச வேண்டியிருந்தால், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் கிடைக்கும். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

பயிருக்காகவும் ஒன்று செய்யுங்கள். இதையும் சிகிச்சையின் பகுதியாகவே சொல்கிறேன். பாதிப்பு 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நிவாரணத்துக்குக் கணக்கெடுப்பார்கள் என்பது உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். கிராம நிர்வாக அலுவலரையும் வேளாண் அலுவலரையும் பார்க்க அவர் மட்டும் போகாமல் அப்பாவையும் உடன் அழைத்துச் செல்லட்டும். எந்த மடையில் தண்ணீர் தேங்கியது, எந்தப் பாத்தி இன்னும் தேறும் என்று சொல்லத் தெரிந்தவர் அவர்தான். அதை அவர் வாயால் சொல்ல வைப்பது, வருத்தப்படாதீர்கள் என்று நூறு முறை ஆறுதல் சொல்வதைவிட அவருக்கு உதவும். வயலுக்குப் போக மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். முதலில் திண்ணை வரை வரட்டும். வாருங்கள், வெயில் காயலாம் என்று அழைக்காமல், துணிக்குப் பொத்தான் வைக்கும் வேலையை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வெளியே வெளிச்சத்தில் நூல் கோத்துத் தர ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

தஞ்சாவூரும் சிதம்பரமும் உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் பரிசோதனைக்குப் போகும் அதே நாளில் அவரையும் அழைத்துப் போய்விடுங்கள். தனக்காகப் போகிறோம் என்றால் வர மறுப்பவர், மருமகளுக்குத் துணையாக என்றால் வருவார். முடிவுகள் வந்ததும், உங்களுடையதையும் அவருடையதையும் எனக்கு எழுதுங்கள்.